'பில் காட்டினால் பார்க்கிங் இலவசம்': உண்மையிலேயே இலவசமா? அந்தச் செலவை யார் கட்டுறாங்க?

தீபாவளி நெருங்கும் நேரத்தில் தி.நகருக்கு காரில் போகும் குடும்பத்துக்கு, எந்தக் கடையில் புடவை எடுப்பது என்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். வண்டியை எங்க விடுறது? அந்த நேரத்தில் "வாடிக்கையாளர்களுக்கு பார்க்கிங் இலவசம்" என்ற பலகை கண்ணில் பட்டால் போதும், இண்டிகேட்டர் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

ஆனால் அதே பலகையின் கீழ்ப்பகுதியில் சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். "குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் மட்டும்." "2 மணி நேரம் வரை." "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." வெளியே வரும்போது செக்யூரிட்டி அண்ணன் கேட்பார்: "சார், பில் இருக்கா?"

இலவசம் என்று சொன்ன பிறகு எதற்கு பில்? அந்த இடத்துக்கான வாடகையை உண்மையில் யார் கொடுக்கிறார்கள்? வண்டி காணாமல் போனால் "பொறுப்பல்ல" என்று கடை கையை விரித்துவிட முடியுமா? மாலில் பார்க்கிங் கட்டணம் வாங்குவது சரியா, தவறா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- கடைகளின் இலவச பார்க்கிங்குக்கு ஒரு செலவு இருக்கிறது. அது பெரும்பாலும் பொருளின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.
- காரில் வராதவர்களும் அந்தச் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள்.
- நிபந்தனை வைப்பது எல்லா நேரத்திலும் ஏமாற்று வேலை ஆகாது. ஆனால் நிபந்தனையை மறைத்து வைப்பது வேறு விஷயம்.
- "இலவசமாகத்தானே கொடுத்தோம்" என்ற காரணம், வண்டி திருடு போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை.

என்னென்ன நிபந்தனைகள் போடுறாங்க?

இலவச பார்க்கிங் என்ற ஒரே பெயரில் பல வகைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

1. பில் தொகை நிபந்தனை: 500 ரூபாய்க்கோ 1,000 ரூபாய்க்கோ மேல் வாங்கினால் கட்டணம் கிடையாது. குறைந்தால் உண்டு.

2. நேர நிபந்தனை: முதல் அரை மணி நேரமோ, இரண்டு மணி நேரமோ இலவசம். அதைத் தாண்டினால் மீட்டர் ஓடும்.

3. முத்திரை நிபந்தனை: பார்க்கிங் டோக்கனில் பில்லிங் கவுன்ட்டரில் சீல் வாங்கி வர வேண்டும். சீல் இல்லாவிட்டால் பணம் கட்ட வேண்டும்.

4. திருப்பிக் கொடுக்கும் கட்டணம்: உள்ளே நுழையும்போதே பணம் வாங்கிவிடுவார்கள். பொருள் வாங்கினால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஒன்றும் வாங்காமல் திரும்பினால் அந்தப் பணம் போனது போனதுதான்.

5. வேலெட் பார்க்கிங்: சாவியை ஊழியரிடம் கொடுத்தால் அவரே வண்டியை நிறுத்தி, அவரே எடுத்து வந்து தருவார். கட்டணம் கிடையாது என்பார்கள். டிப்ஸ் கொடுக்காமல் கிளம்ப மனசு வராது என்பது தனிக்கதை.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இடம் இலவசம், ஆனால் 'நீங்கள் எங்கள் வாடிக்கையாளர்' என்பதை நிரூபித்தால்தான்.

ஒரு காருக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு கார் நிற்க பொதுவாக ஒதுக்கப்படும் கட்டம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அதாவது 12.5 சதுர மீட்டர். சதுர அடியில் சொன்னால் சுமார் 135. ஆனால் கட்டத்தோடு கணக்கு முடிவதில்லை. கார் உள்ளே வர, திரும்ப, பின்னால் எடுக்க வழி வேண்டும். சரிவுப் பாதை, தூண்கள் எல்லாம் சேர வேண்டும்.

இந்தியத் திட்டமிடல் விதிகளில் இதற்காகவே ஒரு அளவு இருக்கிறது. டெல்லி மாஸ்டர் பிளான் 2021, திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், தரைத்தளத்தில் மூடிய பார்க்கிங் என்றால் 28, பேஸ்மென்ட் என்றால் 32 சதுர மீட்டர் என்று கணக்கு வைக்கிறது. திறந்தவெளியில் சுமார் 250 சதுர அடி. பேஸ்மென்ட்டில் ஏறக்குறைய 345 சதுர அடி. சென்னையில் பல குடும்பங்கள் இந்த அளவு ஒற்றை அறையில்தான் குடியிருக்கின்றன.

பைக் விஷயம் வேறு. ஒரு பைக் நிற்க 1 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் இருந்தால் சமாளிக்கலாம். ஒரு கார் கட்டத்தில், பரப்பளவைக் காகிதக் கணக்கில் வகுத்தால், ஏறக்குறைய ஏழு பைக்குகளுக்கான இடம் இருக்கிறது.

அந்தச் செலவை யார் கட்டுறாங்க?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டும்.

கடையில் 10 கார் நிற்கும் இடம் இருக்கிறது. ஒரு காருக்கு 250 சதுர அடி வீதம் 2,500 சதுர அடி. அந்தப் பகுதியில் சதுர அடிக்கு மாத வாடகை 50 ரூபாய் என்று வைத்தால், மாதம் 1,25,000 ரூபாய். இரண்டு காவலாளிகளுக்குச் சம்பளம் 30,000. விளக்கு, டோக்கன், பராமரிப்பு 5,000. மொத்தம் 1,60,000 ரூபாய்.

அந்தக் கடையில் மாதம் 8,000 பில் போடுகிறார்கள். 1,60,000-ஐ 8,000-ஆல் வகுத்தால், ஒரு பில்லுக்கு 20 ரூபாய்.

இதில் 2,000 பில் மட்டும்தான் காரில் வந்தவர்களுடையது. மற்ற 6,000 பேர் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ நடந்தோ வந்தவர்கள். பார்க்கிங் செலவை காரில் வந்தவர்களிடம் மட்டும் வசூலித்தால் ஆளுக்கு 80 ரூபாய் ஆகும். எல்லாருடைய விலையிலும் பரப்பிவிட்டால், காரில் வந்தவர் 20 ரூபாயில் 80 ரூபாய் வசதியை அனுபவிக்கிறார். மீதி 60 ரூபாயை, பஸ்ஸில் வந்த மூன்று பேர் ஆளுக்கு 20 ரூபாயாக அவருக்காகப் போட்டிருக்கிறார்கள். பில்லில் 'பார்க்கிங்' என்று ஒரு வரிகூட இருக்காது. அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். 2025-ல் மறைந்த இவர், 2005-ல் 'இலவச பார்க்கிங்கின் அதிக விலை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். வண்டி ஓட்டுபவராக நாம் கட்டாத பார்க்கிங் செலவை, கடைக்குப் போகும்போதும் ஓட்டலில் சாப்பிடும்போதும் வீட்டு வாடகை கொடுக்கும்போதும் வேறு பெயரில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவரது வாதத்தின் மையம். கார் இல்லாதவரும் அதில் தப்புவதில்லை.

இந்த வாதம் அமெரிக்காவை விட நம் ஊருக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 8 சதவீதக் குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. ஏறக்குறைய பாதிக் குடும்பங்களிடம் இருசக்கர வாகனம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணிக்கிறார்கள். அப்படி பஸ்ஸில் வந்து இறங்கி குழந்தைக்கு ஒரு கவுன் எடுக்கும் அம்மாவின் பில்லிலும், வாசலில் நிற்கும் காருக்கான இடத்தின் ஒரு துளி இருக்கிறது.

அப்போ எல்லாக் கடையிலும் விலையைக் கூட்டித்தான் வைக்கிறாங்களா?

அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. பக்கத்துக் கடையோடு போட்டி இருக்கிறது. 20 ரூபாயை அப்படியே விலையில் ஏற்ற எல்லாராலும் முடியாது. சில இடங்களில் கடைக்காரர் தன் லாபத்தில் இருந்து தாங்கிக்கொள்கிறார். பார்க்கிங் வசதியால் கூட்டம் கூடி, விற்பனை அதிகமானால், ஒரு பொருளுக்கான கடைச் செலவு குறையவும் செய்யலாம்.

கடைக்காரர் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். அதே கற்பனைக் கடையில் காரில் வரும் 2,000 பேர் சராசரியாக 1,500 ரூபாய்க்கு வாங்குகிறார்கள், அதில் 20 சதவீதம் கடைக்கு மிஞ்சுகிறது என்றால், ஒரு பில்லுக்கு 300 ரூபாய். பார்க்கிங்குக்குக் கட்டணம் வைத்ததால் மூன்றில் ஒருவர் வேறு கடைக்குப் போய்விட்டால், மாதம் சுமார் 2 லட்சம் ரூபாய் போய்விடும். பார்க்கிங் செலவு 1,60,000-தான். அதனால் "இலவசம்" என்று பலகை வைப்பதே கடைக்கு லாபம். விளம்பரத்துக்குச் செலவு செய்வதைப் போலத்தான் இதுவும்.

நிபந்தனை வைப்பதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடையில் நிபந்தனையே இல்லாமல் பார்க்கிங்கைத் திறந்துவிட்டால், காலையில் ரயிலேறுபவர்கள் வண்டியை விட்டுவிட்டு சாயங்காலம் வந்து எடுப்பார்கள். பத்து இடத்தில் மூன்று இடம் அப்படிப் போனால், உண்மையான வாடிக்கையாளர் ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். 'பில் காட்டுங்க' என்ற கேள்வி பிறந்தது இதனால்தான்.

சிக்கல் ஆரம்பிப்பது, இடத்தைக் காப்பாற்ற வைத்த நிபந்தனை உங்களைக் கூடுதலாகச் செலவு செய்ய வைக்கும் தூண்டிலாக மாறும்போது.

40 ரூபாய் மிச்சம் பிடிக்க 80 ரூபாய் செலவு

பில் 420 ரூபாய் வந்திருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் சொல்கிறார்: "இன்னும் 80 ரூபாய்க்கு எடுத்தீங்கன்னா பார்க்கிங் ஃப்ரீ மேடம்." பார்க்கிங் கட்டணம் 40 ரூபாய். கை தானாக சாக்லேட் அடுக்கி வைத்திருக்கும் பக்கம் போகும்.

அந்த 80 ரூபாய் பொருள் எப்படியும் வாங்க வேண்டியது என்றால் நல்லதுதான். தேவையில்லாதது என்றால், 40 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக 80 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். நிகரமாக 40 ரூபாய் நஷ்டம். கூடவே ஒரு சாக்லேட்.

நேர நிபந்தனை இதற்கு நேர் எதிராக வேலை செய்யும். இரண்டு மணி நேரம் இலவசம் என்றால், ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் பில்லிங் வரிசையில் நிற்பவருக்குப் பதற்றம் வந்துவிடும். வரிசை நீளமாக இருப்பது கடையின் குறை. ஆனால் தாமதத்துக்கான காசு வாடிக்கையாளருடையது. திருப்பிக் கொடுக்கும் கட்டணத்தில் வேறு ஒரு சூட்சுமம்: முன்கூட்டியே 50 ரூபாய் கட்டியவர், பிடித்த பொருள் இல்லாவிட்டாலும் 'கட்டின காசு வீணாகக் கூடாது' என்று எதையாவது எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார்.

தெலங்கானாவில் என்ன விதி?

இந்தக் குழப்பத்துக்கு ஓர் அரசே விதி எழுதிய உதாரணம் பக்கத்தில் இருக்கிறது. தெலங்கானா அரசு 2018 மார்ச்சில் ஓர் அரசாணை வெளியிட்டது. மால்கள், மல்டிபிளெக்ஸ்கள், வணிக வளாகங்கள் பார்க்கிங் கட்டணம் வசூலிப்பதை மூன்று படிகளாகப் பிரித்தது அந்த ஆணை.

- முதல் 30 நிமிடம்: பொருள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எல்லாருக்கும் இலவசம்.
- 30 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை: அந்த வளாகத்தில் எவ்வளவு தொகைக்கு வாங்கிய பில் காட்டினாலும் இலவசம். பில் இல்லை என்றால் கட்டணம்.
- 1 மணி நேரத்துக்கு மேல்: பில் அல்லது சினிமா டிக்கெட்டின் தொகை பார்க்கிங் கட்டணத்தை விட அதிகமாக இருந்தால் இலவசம். இல்லாவிட்டால் கட்டணம்.

மூன்றாவது படியைக் கவனியுங்கள். குறைந்தபட்சம் 500 ரூபாய்க்கு வாங்கு, 1,000 ரூபாய்க்கு வாங்கு என்று கடை தன் விருப்பத்துக்கு ஒரு தொகையை வைக்க முடியாது. பார்க்கிங் 40 ரூபாய் என்றால், 50 ரூபாய்க்கு காபி குடித்த பில்லே போதும். வாடிக்கையாளர் என்பதற்கு ஆதாரம் கேட்கலாம், கூடுதலாக வாங்கச் சொல்லி நெருக்க முடியாது என்ற கோட்டை அந்த விதி போட்டுக் காட்டியது. பின்னர் 2021-ல், தனித்திரை தியேட்டர்கள் பார்க்கிங் கட்டணம் வசூலித்துக்கொள்ள தெலங்கானா அரசு அனுமதி கொடுத்தது.

மாலில் கட்டணம் வாங்கலாமா? நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

இதில் நாடு முழுவதற்கும் ஒரே பதில் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, தீர்ப்பும் வேறு.

குஜராத்: 2019 ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், மால்களும் மல்டிபிளெக்ஸ்களும் பார்க்கிங் கட்டணம் வசூலிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கட்டட விதிப்படி பார்க்கிங் இடம் ஒதுக்குவது மாலின் கடமை, அதற்கு வருபவர்களிடம் காசு கேட்கும் உரிமை அந்த விதிகளில் இல்லை என்பது அதன் சாரம்.

கேரளா: கொச்சியில் உள்ள ஒரு பெரிய மால் தொடர்பான வழக்கில், 2022 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், பார்க்கிங் கட்டணம் வாங்குவது முதற்கட்டப் பார்வையில் சரியாகத் தெரியவில்லை என்றார். ஆனால் வழக்கின் இறுதி முடிவு வேறு மாதிரி வந்தது. உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்றிருந்தால் கட்டணம் வசூலிப்பதா வேண்டாமா என்பது கட்டட உரிமையாளரின் விருப்பம் என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. 2025-ல் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்தது.

தமிழ்நாடு: ஒரு பைக்கை ஏறக்குறைய 2 மணி நேரம் நிறுத்தியதற்கு 80 ரூபாய் வாங்கிய சென்னை மால் ஒன்றின் மீது ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தார். 2025-ல் அதை விசாரித்து முடித்த திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், மாலுக்கு எதிராக உத்தரவிட்டு இழப்பீடும் வழங்கச் சொன்னது. மாவட்ட ஆணையத்தின் உத்தரவு அந்த வழக்குக்கானது. மேல்முறையீட்டுக்கும் இடம் உண்டு. மாநிலத்தில் இருக்கும் எல்லா மாலுக்கும் தானாகப் பொருந்தும் சட்டமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த வழக்குகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் எஃப்எஸ்ஐ. ஒரு மனையின் பரப்பளவில் எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம் என்ற வரம்பு அது. பார்க்கிங்குக்காகக் கட்டும் தளத்தை அந்த வரம்பில் சேர்க்காமல் விடுவது பல நகரங்களின் நடைமுறை. தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-லும் பார்க்கிங் கட்டாயம். அதாவது, பார்க்கிங் விடுவேன் என்று வரைபடத்தில் காட்டித்தான் கட்டட அனுமதியே வாங்கப்படுகிறது. "வரைபடத்தில் காட்டிய இடத்துக்கு மறுபடியும் காசா?" என்று வாடிக்கையாளர் தரப்பு கேட்கிறது. "இடம் விடச் சொன்னது விதி, சும்மா விடச் சொல்லவில்லையே. பராமரிப்புச் செலவு யார் கொடுப்பது?" என்று மால் தரப்பு கேட்கிறது. இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் வழக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வண்டி காணாமப் போனா, 'நிர்வாகம் பொறுப்பல்ல' செல்லுமா?

'இலவசமா, இல்லையா' என்ற கேள்வியில் உண்மையான பணம் அடங்கியிருப்பது இங்கேதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, முற்றிலும் இலவசமாகச் செய்யப்படும் சேவை 'சேவை' என்ற வரையறைக்குள் வராது. அப்படியென்றால், "நாங்க காசே வாங்கலையே, எங்க மேல எப்படி நுகர்வோர் வழக்கு போடுவீங்க?" என்று ஒரு நிறுவனம் கேட்கலாம்.

இதற்கு விடை சொன்ன முக்கியமான வழக்கு டெல்லியில் நடந்தது. 1998 ஆகஸ்ட் 1-ம் தேதி இரவு ஒருவர் தன் மாருதி ஜென் காரில் தாஜ் மகால் ஹோட்டலுக்குப் போனார். சாவியை வேலெட் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறு ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த பார்க்கிங் சீட்டில், வண்டி உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்தான் நிற்கிறது என்ற வாசகம் இருந்தது.

இன்சூரன்ஸ் நிறுவனம் கார் உரிமையாளருக்கு 2.8 லட்சம் ரூபாய் கொடுத்து, பிறகு ஹோட்டலைத் துரத்தியது. கார் திருடு போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2019 நவம்பர் 14 அன்று வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பு ஹோட்டலுக்கு எதிராக வந்தது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டிய விஷயங்கள் இரண்டு.

ஒன்று, வேலெட் பார்க்கிங் இலவச வசதி என்ற ஹோட்டலின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அறை வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் என்று வாடிக்கையாளர் கொடுக்கும் அதிகமான தொகைக்குள்ளேயே இதற்கான விலையும் அடங்கியிருக்கிறது என்று சொன்னது. மேலே பார்த்த கற்பனைக் கடையின் 20 ரூபாய்க் கணக்கு நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதையே உச்ச நீதிமன்றம் சட்ட மொழியில் சொல்லியிருக்கிறது.

இரண்டு, சாவியை வாங்கி வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்ட பிறகு, தன்னுடைய அல்லது தன் ஊழியருடைய அலட்சியத்துக்கு 'சொந்தப் பொறுப்பு' என்று அச்சடித்துத் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது சாவியை ஒப்படைத்த வண்டி பற்றிய வழக்கு. நீங்களே ஓட்டிப் போய் நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனால், வண்டி கடையின் வசம் இருந்ததா, வெறும் இடம் மட்டும்தான் கொடுத்தார்களா என்ற கேள்வி வரும். டோக்கன் கொடுத்தார்களா, டோக்கன் இல்லாமல் வண்டியை வெளியே விடமாட்டார்களா, காவலாளி இருந்தாரா என்பதெல்லாம் அப்போது முக்கியமாகிவிடும். அதனால் டோக்கனைத் தொலைக்காதீர்கள்.

விலையில் சேர்த்துவிட்டு 'இலவசம்' என்று சொல்லலாமா?

அதே 2019 சட்டத்தில், நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பரிவர்த்தனையின் மொத்தத் தொகைக்குள் முழுமையாகவோ பாதியாகவோ விலை சேர்க்கப்பட்ட ஒன்றை, இலவசமாகக் கொடுப்பது போல ஒரு தோற்றத்தை உண்டாக்குவதும் அந்தப் பட்டியலில் வருகிறது.

இதை வைத்து 'இலவச பார்க்கிங்' பலகை வைத்த எல்லாக் கடையும் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. பொதுவான கடைச் செலவுக்கும் ஏமாற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வாசலில் பெரிய எழுத்தில் 'இலவசம்' என்று போட்டுவிட்டு, நிபந்தனையை வெளியேறும் இடத்தில் மட்டும் சொல்வது, பில்லில் வேறு பெயரில் பார்க்கிங் தொகையைச் சேர்ப்பது போன்றவற்றைக் கேள்வி கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் இரண்டு மணி நேர இலவசம் ஒரு தொழிலான கதை

நேர நிபந்தனை எப்படி ஒரு வருமானமாக மாறும் என்பதற்கு இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டு நகர வழக்கு நல்ல உதாரணம். அங்கே ஒரு வணிக வளாகத்தில் 2 மணி நேரம் பார்க்கிங் இலவசம். தாண்டினால் 85 பவுண்டு. 2013 ஏப்ரலில் பீவிஸ் என்ற வாகன ஓட்டி 2 மணி 56 நிமிடம் நிறுத்திவிட்டார். 85 பவுண்டு கேட்டு நோட்டீஸ் வந்தது. கட்ட மறுத்து அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார்.

விசாரணையில் வெளிவந்த ஒரு தகவல்தான் சுவாரஸ்யமானது. பார்க்கிங்கை நிர்வகித்த பார்க்கிங்ஐ நிறுவனம், நில உரிமையாளரிடம் காசு வாங்கவில்லை. மாறாக, அங்கே நிர்வாகம் செய்யும் உரிமைக்காக வாரம் 1,000 பவுண்டு அதுவே கொடுத்துக்கொண்டிருந்தது. இலவச பார்க்கிங்கை நடத்த ஒருவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? நேரத்தைத் தாண்டுபவர்கள் கட்டும் தொகையில்தான் அந்தத் தொழிலே ஓடியது. சரியான நேரத்தில் கிளம்பியவர்களின் இலவசத்துக்கு, தாமதமானவர்கள் பணம் கட்டினார்கள்.

2015 நவம்பரில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் பீவிஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் இடம் கிடைக்க வண்டிகள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு ஒரு கட்டணம் வைப்பதில் நியாயம் இருக்கிறது, அறிவிப்புப் பலகைகளும் தெளிவாக இருந்தன என்பது முக்கியக் காரணம். நிபந்தனை கண்ணில் படும்படி எழுதப்பட்டிருந்ததா என்பதுதான் அங்கேயும் எடை போடப்பட்டது.

கடை வாசல் ரோடு யாருக்குச் சொந்தம்?

பல கடைகளுக்குச் சொந்தமாக பார்க்கிங்கே கிடையாது. ஆனாலும் வாசலில் ஒரு ஸ்டூல், ஒரு கயிறு, "எங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று ஒரு பலகை. வேறு யாராவது வண்டியை நிறுத்தினால் விசில் சத்தம் கேட்கும்.

அது பொதுச் சாலை என்றால், அந்த இடத்தை ஒதுக்கிக்கொள்ள கடைக்கு உரிமை கிடையாது. அனுமதி இல்லாமல் தனியார் வைக்கும் 'நோ பார்க்கிங்' பலகைகள், மணல் மூட்டைகள் போன்ற தடுப்புகளை அகற்ற வேண்டும் என்று சென்னை போக்குவரத்து போலீஸ் 2024-ல் எச்சரிக்கை விடுத்திருந்தது. இங்கே 'இலவச பார்க்கிங்' கொடுப்பது கடையல்ல, ஊர். நடந்து போகிறவர் பிளாட்பாரத்தில் இருந்து இறங்கி, ஓடும் வண்டிகளுக்கு நடுவே நடந்து அதற்கான விலையைக் கொடுக்கிறார்.

நீங்க என்ன செய்யலாம்?

- வண்டியை நிறுத்தும் முன்பே பலகையைக் கடைசி வரி வரை படியுங்கள். முடிந்தால் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பில், எவ்வளவு நேரம், சீல் எங்கே என்று நுழையும்போதே கேட்டுவிடுங்கள்.
- இலவசத்துக்காக வாங்கும் கூடுதல் பொருளின் விலை, பார்க்கிங் கட்டணத்தை விட அதிகமா என்று பாருங்கள். அதிகம், தேவையும் இல்லை என்றால் கட்டணத்தைக் கட்டிவிடுவதே லாபம்.
- பணம் கட்டினால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத வசூலுக்கு ஆதாரமும் இல்லை.
- வேலெட்டில் கொடுக்கும் முன் நகை, லேப்டாப், ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை போட்டோ எடுத்து வைத்தால், பிறகு 'இது முன்னாடியே இருந்தது' என்ற வாக்குவாதம் வராது.
- திருட்டு என்றால் முதலில் போலீஸ் புகார், உடனே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல். பிறகுதான் மற்றவை.
- மறைமுக வசூல், முன்பே சொல்லாத நிபந்தனை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருள் அல்லது சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது. பிரச்னை நடந்த நாளில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

கடைகளும் இதில் செய்யக்கூடிய ஒரு எளிய வேலை இருக்கிறது. காரில் வருபவருக்கு 40 ரூபாய் பார்க்கிங்கைத் தள்ளுபடி செய்யும் கடை, பஸ் டிக்கெட்டையோ மெட்ரோ டிக்கெட்டையோ காட்டுபவருக்கு பில்லில் 10 ரூபாய் குறைக்கலாம். அவர் ஓர் அடி இடத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.  அவருக்கென்று ஒரு பலகையும் எந்த வாசலிலும் இல்லை.